உதவித்தொகை மனுவும் மேல்முறையீடும்: வெள்ளகோவில் முதல் சென்னை வரை

திருப்பூர் மாவட்டம் காங்கேயம் தாலுகாவைச் சேர்ந்த வெள்ளகோவிலில், மாதாமாதம் அரசிடமிருந்து வீடு வந்து சேரும் பணம் பெரும்பாலும் மூன்று வழிகளில் வருகிறது. முதியோர், விதவையர், கணவனால் கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருவாய்த் துறை தரும் ஓய்வூதியம் முதலாவது. ஊரில் அதற்கு ‘ஓஏபி பணம்’ என்றே பெயர். 2023 முதல் குடும்பத் தலைவியருக்கு வரும் கலைஞர் மகளிர் உரிமைத்தொகை இரண்டாவது. விசைத்தறி, தையல், கட்டுமானம் முதலிய தொழில்களுக்கான நல வாரியங்கள் 60 வயதைத் தாண்டிய உறுப்பினர்களுக்குத் தரும் ஓய்வூதியம் மூன்றாவது. நூல் மில்லில் ஈஎஸ்ஐ, பிஎஃப் பிடித்தத்தோடு வேலை செய்கிறவர்களுக்கு நான்காவதாக ஒரு வழி உண்டு. அது வேறு சட்டத்தின் கீழ் வருவதால் தனியே பார்க்க வேண்டியது.

மனு கொடுப்பது வெள்ளகோவிலிலேயே முடிந்துவிடும். இ-சேவை மையமும் கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் உள்ளூரில்தான். முடிவெடுக்கும் தாசில்தார் காங்கேயத்தில். அவர் முடிவை மறுத்து முறையிட வேண்டிய கோட்டாட்சியர் தாராபுரத்தில். அவருக்கும் மேலே மாவட்ட ஆட்சியர் திருப்பூரில். எல்லாம் கைவிட்டால் உயர் நீதிமன்றம், அது சென்னையில். மேல்முறையீடு என்ற சொல்லில் உள்ள ‘மேல்’ இங்கே தூரத்தையும் குறிக்கிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு நாள் கூலி, பஸ் செலவு, துணைக்கு வரும் ஆளின் கூலி ஆகிய மூன்றும் சேரும். மாதம் 1,200 ரூபாய்க்காக எத்தனை படி ஏறுவது என்ற கணக்கை மனுதாரர் போட்டுத்தான் ஆக வேண்டியிருக்கிறது.

முதியோர் ஓய்வூதியம் தமிழகத்தில் 1962 ஏப்ரல் 1 அன்று, காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது தொடங்கியது. பிறகு ஒவ்வொரு பிரிவாகச் சேர்ந்தது: 1974-இல் மாற்றுத்திறனாளிகள், 1975-இல் ஆதரவற்ற விதவையர், 1981-இல் விவசாயக் கூலிகள், 1986-இல் கைவிடப்பட்ட மனைவியர், 2008-இல் 50 வயதைத் தாண்டியும் மணமாகாத ஏழைப் பெண்கள். 1995 ஆகஸ்ட் 15 அன்று மத்திய அரசு தேசிய சமூக உதவித் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, மாநிலத்தின் முதியோர் ஓய்வூதியத்தில் ஒரு பகுதி அதனோடு இணைந்தது. 2011-இல் 1,000 ரூபாயாக இருந்த தொகை 2023-இல் 1,200 ஆனது. அந்த 1,200-இல், 60 முதல் 79 வயது வரையுள்ள ஒருவருக்கு மத்திய அரசின் பங்கு இன்றும் 200 ரூபாய்தான். 2007 முதல் அது நகரவே இல்லை.

இந்த ஓய்வூதியங்கள் பெரும்பாலும் அரசாணைகளால் வந்தவை. சட்டமன்றம் இயற்றிய உரிமைச் சட்டத்தால் வந்தவை அல்ல. அரசியலமைப்பின் 41-ஆம் பிரிவு முதுமையிலும் நோயிலும் அரசு உதவ வேண்டும் என்று சொல்கிறது. அதையும் அரசின் பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டு என்றே சொல்கிறது; அதை வைத்து நேராக வழக்குப் போட முடியாது. 2001 நவம்பர் 28 அன்று உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம், முதியோர் ஓய்வூதியத்தை மாதம் 7-ஆம் தேதிக்குள் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. ஓய்வூதியத்தை ‘தயவு’ என்ற இடத்திலிருந்து ‘உரிமை’ என்ற இடத்துக்குச் சற்று நகர்த்திய உத்தரவு அது. ஆனால் பெற்றுக்கொண்டிருப்பவருக்கு அது தந்த பலம், மனு தள்ளுபடியானவருக்குக் கிடைக்கவில்லை.

ஓஏபி மனுவின் நடைமுறை இது. ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புக், புகைப்படம் ஆகியவற்றோடு இ-சேவை மையத்தில் பதிவு செய்ய வேண்டும். விதவையானால் கணவரின் இறப்புச் சான்றும் விதவைச் சான்றும் வேண்டும். மனு இணையம் வழியாகக் கிராம நிர்வாக அலுவலருக்குப் போகும். அவர் விசாரித்து எழுதுவதை வருவாய் ஆய்வாளர் பார்த்துப் பரிந்துரைப்பார். தாசில்தார், அதாவது சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர், ஆணை பிறப்பிப்பார். கணினி வந்த பிறகும் உயிர்நாடி கிராம நிர்வாக அலுவலரின் விசாரணைதான். ‘ஆதரவற்றவர்’ என்பதை எந்தத் தரவுத்தளமும் சொல்லாது. மகன் இருக்கிறானா, இருந்தாலும் சோறு போடுகிறானா, திண்ணையில் படுத்திருக்கும் அம்மா தனிச் சமையலா கூட்டுச் சமையலா என்பதெல்லாம் அக்கம்பக்கத்தார் வாய்மொழியில் தெரிந்துகொள்ள வேண்டியவை. கைவிடப்பட்ட மனைவி என்பதை நிரூபிப்பது இன்னும் கடினம். சட்டப்படி பிரிந்திருக்க வேண்டும், அல்லது குறைந்தது 5 ஆண்டுகள் கைவிடப்பட்டிருக்க வேண்டும். ஐந்து ஆண்டுகளாக ஒருவர் வரவில்லை என்பதற்கு என்ன காகிதம் காட்டுவது?

தள்ளுபடிக்கு வழக்கமாகக் கேட்கும் காரணங்கள் சில. சம்பாதிக்கும் மகன் உண்டு. பெயரில் நிலம் உண்டு. ஆதாரில் வயது 60 ஆகவில்லை. இந்தக் கடைசிக் காரணம் வெள்ளகோவில் போன்ற ஊர்களில் அதிகம் உறுத்தும். பள்ளிக்கூடம் போகாத தலைமுறைக்குப் பிறந்த தேதி என்று ஒன்று இருந்ததில்லை. ஆதார் முகாமில் யாரோ உத்தேசமாகச் சொன்ன ஆண்டு, ஜனவரி 1 என்று பதிந்துபோனது. அதை மாற்றச் சான்று கேட்பார்கள், சான்று இருந்திருந்தால் பிழையே வந்திருக்காது. இவை தவிர, காரணமே ஆகாத காரணம் ஒன்றும் உண்டு: இடம் காலி இல்லை. மத்தியத் திட்டத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் பயனாளிகள் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இருக்கிறது. வரம்பு நிரம்பிய பிறகு தகுதி இருந்தும் காத்திருக்க வேண்டியதுதான். அந்தக் காத்திருப்பு தள்ளுபடியா, நிலுவையா என்பது தெளிவாகாததால், எதை எதிர்த்து முறையிடுவது என்பதும் தெளிவாகாது.

தாசில்தாரின் ஆணையில் குறை இருந்தால் கோட்டாட்சியரிடமும், பிறகு மாவட்ட ஆட்சியரிடமும் போகலாம். நடப்பில் பலர் மேல்முறையீடு செய்வதில்லை. புதிதாக மறுபடி ஒரு மனு போடுகிறார்கள். இது அறியாமை என்று தோன்றும். ஆனால் அதில் ஒரு கணக்கு இருக்கிறது. தள்ளுபடிக்கு எழுத்தில் காரணம் கைக்கு வராதபோது மேல்முறையீட்டில் எழுத ஒன்றுமில்லை. வருவாய் ஆய்வாளர் மாறியிருப்பார், வேறு கண்ணோடு பார்ப்பார் என்ற நம்பிக்கையில் புது மனு போடுவது அப்போது புத்திசாலித்தனம்தான். இதன் விலை வேறிடத்தில் விழுகிறது: பழைய மனுவின் தேதி போய்விடும், காத்திருந்த மாதங்கள் கணக்கில் வராது.

ஒரு தரம் ஆணையான பணம் நடுவில் நின்றுபோவதும் மனுவுக்குரிய விஷயமே. போஸ்ட்மேன் மணியார்டர் கொண்டுவந்த காலம் போய், இப்போது வங்கிக் கணக்கும் கையடக்கக் கருவியோடு வரும் வங்கித் தொடர்பாளரும். தறியிலும் காட்டு வேலையிலும் தேய்ந்த விரலில் கைரேகை விழாமல் போவது சாதாரணம். ஆதார் இணைப்பு வேறு கணக்குக்கு மாறியிருந்தால் பணம் அங்கே போய் உட்காரும். ஆண்டுச் சரிபார்ப்பின்போது வீட்டில் இல்லாதவர், மகள் வீட்டுக்குப் போயிருந்தவர், ‘நபர் இல்லை’ என்று பட்டியலிலிருந்து விழுந்துவிடுவதும் உண்டு. இவற்றில் பாதி வங்கியில் தீரும், பாதி தாலுகா ஆபீஸில் தீரும். எது எங்கே என்று சொல்ல ஆள் இல்லாததே பெரும்பாடு.

மகளிர் உரிமைத்தொகை இந்தப் பழைய வழியை விட்டு விலகியது. 2023 மார்ச் பட்ஜெட்டில் 7,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டு, ஜூலை, ஆகஸ்டில் ரேஷன் கடை வாரியாக டோக்கன் தந்து முகாம்கள் நடத்தப்பட்டு, செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிவைக்கப்பட்ட திட்டம் இது. மாதம் 1,000 ரூபாய். சுமார் 1.63 கோடி மனுக்கள் வந்தன, 1.06 கோடி ஏற்கப்பட்டன. ஐம்பது லட்சத்துக்கும் மேல் தள்ளுபடி. ஒரே சுற்றில் இத்தனை பேருக்கு ‘இல்லை’ என்று சொல்ல வேண்டி வந்தது. ஆகவே ‘இல்லை’ சொல்வதற்கும் ஒரு முறை வகுக்க வேண்டியிருந்தது. செப்டம்பர் 18 முதல் காரணம் குறுஞ்செய்தியாக அனுப்பப்பட்டது. அது கிடைத்த 30 நாட்களுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு. அவர் 30 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தாலுகா, கோட்டாட்சியர் அலுவலகங்களில் உதவி மையங்களும் திறக்கப்பட்டன. கெடு, காரணம், பொறுப்பான அலுவலர் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் அமைந்தது உதவித்தொகை வரலாற்றில் புதிது.

இந்தத் திட்டத்தின் தகுதி விதிகள் ஆளைப் பார்ப்பதில்லை, பதிவேட்டைப் பார்க்கின்றன. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நன்செய் 5 ஏக்கருக்குள், புன்செய் என்றால் 10 ஏக்கருக்குள். வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள். சொந்தப் பயன்பாட்டுக்குக் காரோ டிராக்டரோ இருக்கக் கூடாது. வருமான வரி கட்டுவோர், அரசு ஊழியர், ஆண்டுக்கு 50 லட்சத்துக்கு மேல் விற்றுமுதல் உள்ள வணிகர் குடும்பங்களுக்கு இல்லை. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு துறையின் கணினியில் இருக்கும் தகவல். எனவே இங்கே தள்ளுபடியை எதிர்த்து எழுதுவது நியாயம் கேட்பதைவிடப் பதிவைத் திருத்தச் சொல்வதுதான்.

வெள்ளகோவில் பக்கத்தில் இது எங்கே இடிக்கும் என்பதை அந்த மண்ணைத் தெரிந்தவர்கள் ஊகிக்கலாம். காங்கேயம் பக்கம் மானாவாரி நிலம். கிளுவை வேலி போட்ட கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலம். மாடு மேய்வதைத் தவிரப் பெரிதாக வருமானம் தராத அந்தக் காடு அண்ணன் தம்பிகள் பிரிக்காமல் கூட்டுப் பட்டாவில் கிடக்கும். மொத்தம் 12 ஏக்கர் என்று பட்டா காட்டினால், நான்கு பங்காளிகளில் ஒருவரின் மனைவிக்கு உண்மையில் 3 ஏக்கர்தான். பட்டாவைப் பார்க்கும் கணினிக்குப் பங்காளி தெரியாது. கூட்டுப் பட்டாவையும் பங்கைக் காட்டும் பாகப்பிரிவினைப் பத்திரத்தையும் மேல்முறையீட்டோடு சேர்ப்பதுதான் வழி; வாய்ப்பேச்சாகப் பாகம் பிரித்தவர்களிடம் பத்திரம் இருக்காது, அவர்கள் முதலில் பட்டாவைப் பிரிக்கவே மனுப் போட வேண்டும்.

மின்சாரக் கணக்கும் அப்படித்தான். விசைத்தறிக் கூடத்து இணைப்புக்குத் தனிக் கட்டண வகை. வீட்டு இணைப்புதான் 3,600 யூனிட்டில் சேரும். ஆனால் மில் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளில் இரண்டு மூன்று குடும்பத்துக்கு ஒரே மீட்டர் இருந்தால் அந்த அளவைத் தாண்டுவது எளிது. இரண்டு மாதத்துக்கு 600 யூனிட், அவ்வளவுதான் வரம்பு. விற்ற பிறகும் ஆர்சி புத்தகத்தில் பெயர் மாற்றாத பழைய கார் இன்னொரு சிக்கல். வாங்கியவர் ஓட்டிக்கொண்டிருப்பார், விற்றவரின் மனைவி பெயர் தள்ளுபடியாகும். தெற்கத்தி மாவட்டங்களிலிருந்து மில் வேலைக்கு வந்து தங்கியவர்களின் நிலை வேறு. ரேஷன் கார்டு எந்த ஊரோ அந்த ஊர் முகாமில்தான் மனு கொடுக்க வேண்டியிருந்தது. ஷிப்டை விட்டுவிட்டு ஊருக்குப் போய் வந்தவர்களும் உண்டு, போகாமல் விட்டவர்களும் உண்டு.

மேல்முறையீட்டின் பலன் எண்களில் தெரிகிறது. சுமார் 11.85 லட்சம் பேர் மேல்முறையீடு செய்தார்கள். 2023 நவம்பரில் சுமார் 7.35 லட்சம் பேர் புதிதாகச் சேர்க்கப்பட்டார்கள். முறையிட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வென்றார்கள் என்றால் அதற்கு இரண்டு பொருள் உண்டு. மேல்முறையீடு வெறும் சடங்காக இல்லை என்பது ஒன்று. முதல் சுற்றுச் சரிபார்ப்பு அந்த அளவுக்குத் தவறியது என்பது இன்னொன்று. தள்ளுபடியானவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே முறையிட்டார்கள். மற்ற நால்வரில் எத்தனை பேருக்குத் தகுதி இருந்தது என்பதை யாரும் எண்ணவில்லை. பிறகு 2025 ஜூலையில் தொடங்கிய ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாம்களில் மறுபடி மனுக்கள் வாங்கி, சில விதிகளைத் தளர்த்தி, டிசம்பர் 12 அன்று சுமார் 17 லட்சம் பேரைச் சேர்த்தார்கள். மேல்முறையீட்டில் திருந்தாததை ஒரு தேர்தலுக்கு முந்தைய ஆண்டு திருத்தியது என்று சொன்னால் தவறில்லை.

அதே 2023-இல் கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையிலும் இதே காட்சி. பழைய சமுர்த்தித் திட்டத்துக்குப் பதிலாக அஸ்வெசும என்ற நலன்புரித் திட்டம் ஜூலையில் வந்தது. 2002-ஆம் ஆண்டின் நலன்புரி நன்மைகள் சட்டம் அதற்கு அடித்தளம். பட்டியலில் விடுபட்டோர் முறையிடலாம். தகுதியில்லாதவர் பெயர் இருந்தால் மற்றவர் ஆட்சேபிக்கலாம். ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட முறையீடுகள் குவிந்தன. அளவுகோல் வைத்து வறுமையை அளக்கும் முறை எங்கே வந்தாலும் முறையீடு மலையாகும் என்பதற்கு இரண்டு கரைகளும் சாட்சி. பிரிட்டனில் உதவித்தொகை மறுக்கப்பட்டால், துறை ஒருமுறை மறுபரிசீலனை செய்த பிறகு, துறைக்கு வெளியே இருக்கும் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தமிழக வழியில் இல்லாதது அதுதான். வட்டாட்சியரும் கோட்டாட்சியரும் ஆட்சியரும் ஒரே துறையின் ஏணியில் உள்ள படிகள்.

நல வாரிய ஓய்வூதியம் இதைவிடச் சிறிய விஷயம், ஆனால் வெள்ளகோவிலுக்கு நெருக்கமானது. 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் வழியே வந்த வாரியங்களில் விசைத்தறி நெசவாளர்களுக்கும் ஒன்று உண்டு. 18 முதல் 60 வயதுக்குள் பதிவு செய்து, உரிய காலத்தில் புதுப்பித்து வந்தவருக்கே ஓய்வூதியம். பதிவு செய்தவர்கள் பலர் புதுப்பிக்க மறந்து, 60 வயதில் காகிதத்தை எடுத்துக்கொண்டு போகும்போது அட்டை காலாவதி என்ற பதில் கிடைக்கிறது. இங்கே முறையீடு தொழிலாளர் துறையிடம், திருப்பூரில். வாரிய ஓய்வூதியம் வாங்குகிறவருக்கு ஓஏபி கிடையாது. இரண்டில் எது முதலில் கிடைக்கும் என்று பார்த்தே பலர் மனுப் போடுகிறார்கள்.

ஈஎஸ்ஐ முற்றிலும் வேறு. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது அது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவரிடம் 0.75 சதவீதமும் முதலாளியிடம் 3.25 சதவீதமும் பிடித்து, நோய்விடுப்பில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் தருகிறது. அந்தப் பணம் மறுக்கப்பட்டால் ஈஎஸ்ஐ நீதிமன்றம் இருக்கிறது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அந்த நீதிமன்றத்தை விட்டுவைத்திருக்கிறது. சம்பளத்தில் பிடித்த பணத்துக்கு நீதிபதி. வயதுக்கும் கைம்மைக்கும் தரும் பணத்துக்கு அலுவலர். ஒரே தெருவில் இருக்கும் இரண்டு கிழவிகளில், மில்லில் பிடித்தத்தோடு வேலை செய்தவருக்கும் காட்டு வேலை செய்தவருக்கும் இந்த வித்தியாசம் பொருந்தும். மில்லில் பிடித்தமே இல்லாமல் வேலை செய்தவர் இரண்டாமவரோடுதான் சேர்வார்.

முறையான மேல்முறையீட்டுக்குப் பக்கத்தில் முறைசாரா வழிகளும் இருக்கின்றன. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனு, ஆண்டுக்கொருமுறை ஃபசலி என்னும் வருவாய் ஆண்டு முடியும் நேரத்தில் தாலுகா ஆபீஸில் நடக்கும் ஜமாபந்தி, முதல்வரின் முகவரித் துறை, 1100 என்ற உதவி எண். இவற்றில் எங்கு கொடுத்தாலும் மனு கடைசியில் அதே தனி வட்டாட்சியரின் மேசைக்குத்தான் திரும்பி வரும். ஆனாலும் அவை வீண் அல்ல. மேலிடத்திலிருந்து எண்ணோடு இறங்கி வரும் மனுவுக்குப் பதில் எழுதியே ஆக வேண்டும் என்ற நெருக்கடி இருக்கிறது. எழுதப்படும் பதிலில் காரணம் இருக்கும். காரணம் கைக்கு வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

காரணத்தைக் கேட்டு வாங்குவதற்கு நேரான சட்டமும் இருக்கிறது, பயன்படுத்துவோர்தான் குறைவு. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(ஈ) பிரிவு, அலுவலகம் எடுக்கும் முடிவால் பாதிக்கப்படுகிறவருக்கு அதன் காரணத்தைத் தர வேண்டும் என்கிறது. கேட்டால் தருவது அல்ல, கேட்காமலே தர வேண்டிய கடமை. கேட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, ‘என் மனுவில் கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் எழுதிய அறிக்கைகளின் நகல், தள்ளுபடி ஆணையின் நகல்’ என்று இரண்டு வரி எழுதினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோருக்கு அந்த 10 ரூபாயும் இல்லை. 30 நாட்களில் பதில் வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேலதிகாரியிடம் முதல் மேல்முறையீடு, பிறகு மாநிலத் தகவல் ஆணையம். முடிவுக்குக் காரணம் எழுதுவது நிர்வாக அதிகாரியின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1990-இலேயே எஸ்.என். முகர்ஜி வழக்கில் சொல்லியிருக்கிறது. குறுஞ்செய்தியில் காரணம் அனுப்ப முடிந்த அரசுக்கு ஓஏபி மனுவிலும் அதைச் செய்வது பெரிய காரியம் அல்ல.

கடைசிப் படி, அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின் கீழ் ரிட் மனு. திருப்பூர் மாவட்டம் மதுரைக் கிளைக்கு வராது. சென்னைக்கே போக வேண்டும். இத்தகைய வழக்குகளில் நீதிமன்றம் பெரும்பாலும் ஓய்வூதியத்தைத் தானே வழங்குவதில்லை. மனுவை இத்தனை வாரங்களுக்குள் பரிசீலித்துத் தகுந்த ஆணை பிறப்பிக்கும்படி அலுவலருக்குச் சொல்லும். கோப்பு மறுபடி காங்கேயத்துக்கே வரும். வக்கீல் செலவுக்குப் பயந்து அதுவரை போகாதவர்களுக்கு 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் இருக்கிறது. அதன் 12-ஆம் பிரிவின்படி பெண்கள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. ஓஏபி மனுவும் உரிமைத்தொகை மனுவும் போடுகிறவர்களில் பெரும்பகுதி அந்தப் பட்டியலுக்குள் வருகிறவர்களே. அதற்கான மனுவைத் தாலுகா அளவிலான வட்டச் சட்டப் பணிகள் குழுவிடம் கொடுக்கலாம், கட்டணம் கிடையாது.